கேசட்டில் இருக்கும் அப்பத்தா தாலாட்டை ஏஐ வைத்து முழுசாக்கலாமா?

கேள்வி: 3 ஜனவரி 2026

ஊர் தேவகோட்டைப் பக்கம், இருப்பது சிங்கப்பூரில். எங்கள் அப்பத்தா பாடிய தாலாட்டு ஒரு பழைய கேசட்டில் நாலு நிமிஷம் இருக்கிறது. அதற்குமேல் நாடா அறுந்துவிட்டது. அடுத்த மாதம் எனக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. அந்த நாலு நிமிஷத்தை ஏஐ செயலியில் கொடுத்தால் மீதியை அதே குரலில் பாடி, பின்னணி இசையும் போட்டுத் தருமாம். கொடுக்கலாமா? வருவது அப்பத்தா பாட்டா, மெஷின் பாட்டா, என் பாட்டா?

3 ஜனவரி, இரவு 10.15

கொடுக்க வேண்டாம்.

காரைக்குடியில் பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவது என் பிழைப்பு. அதற்கு முன் பதினெட்டு வருஷம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. கானாடுகாத்தானில் இருந்து பள்ளத்தூர் வரை நான் வாசிக்காத திருவிழாப் பொட்டல் கிடையாது. அந்தத் திமிரில் சொல்கிறேன்: ஏஐ செய்வது இசையமைப்பு இல்லை. ஊரார் பாட்டையெல்லாம் அள்ளி உள்ளே போட்டுக்கொண்டு கேட்டவனுக்குக் கொஞ்சம் கிள்ளித் தருகிறது. அடுத்தவன் முதலைப் போட்டு வட்டி வாங்கும் தொழில். வட்டி நம் ஊருக்குத் தெரியாததா? நம் ஆட்கள் சொந்த முதல் போட்டார்கள்.

4 ஜனவரி, காலை 6.50

புதுவயல் பெரியவர் ஒருவர் திருத்தியிருக்கிறார். பர்மாவில் வட்டிக்கடை நடத்தியவர்களும் சொந்த முதலோடு உறவுக்காரர் வைப்புப் பணத்தையும் வாங்கிப் போட்டுத்தான் நடத்தினார்கள் என்கிறார். உண்மைதான். உவமை வாபஸ். பாட்டைப் பற்றிச் சொன்னது வாபஸ் இல்லை.

4 ஜனவரி, மதியம்

சாப்பிட்டுவிட்டு நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது. கீபோர்டில் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டை. தோடி ராகத்தில் வரும் காந்தாரம் என்ற ஸ்வரம் அந்தப் பன்னிரண்டில் எதிலுமே உட்காராது, ஆடிக்கொண்டே இருக்கும். நான் இடதுகைப் பக்கம் இருக்கும் பிட்ச் சக்கரத்தை உருட்டி உருட்டி அதைப் பிடிக்கப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை மேடைக்குப் பின்னால் இருந்த நாகஸ்வரக்காரர், “தம்பி, காந்தாரத்துக்குக் காய்ச்சலா?” என்று கேட்டார். மனுஷன் உருட்டியே வராதது, கட்டைக்குக் கட்டை எண் போட்டு எழுதும் மெஷினுக்கு எப்படி வரும்?

இரண்டாவது, இது ஒன்றும் நேற்று முளைத்த சங்கதி இல்லை. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லர், லியோனர்ட் ஐசக்சன் என்ற இரண்டு பேர் இலியாக் என்ற கம்ப்யூட்டரை வைத்து, நாலு தந்தி வாத்தியங்களுக்கான ஒரு இசைக்கோவையை 1957-இல் முடித்தார்கள். வழி என்ன? மெஷின் குருட்டாம்போக்கில் ஒரு ஸ்வரத்தை எடுத்துப் போடும். பழைய ஐரோப்பிய இசை இலக்கணத்தில் இது கூடாது, அது கூடாது என்று ஒரு பட்டியல் உண்டு. அதற்குள் அடங்கினால் வைத்துக்கொள்ளும், அடங்காவிட்டால் வேறு எடுக்கும். கோட்டுக்கு வெளியே விழுந்த கோலியைப் பொறுக்கி எறிவதற்குப் பெயர் படைப்பா?

4 ஜனவரி, இரவு

கமகம் பற்றி எழுதியது தப்பு. மதுரையில் ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி பிடித்துவிட்டார். நான் சொன்னது ஸ்வரத்தை எண்ணாக எழுதும் பழைய முறை. இப்போது வருபவை ஸ்வரத்தைத் தொடுவதே இல்லையாம். ஒலியையே பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு பொடிக்கும் ஒரு குறியெண் கொடுத்து, இதுவரை வந்த எண்களைப் பார்த்து அடுத்தது எதுவாக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டே போகும். இன்னொரு வகை, வெறும் இரைச்சலில் ஆரம்பித்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துப் பாட்டாக்கும். இரண்டிலும் கட்டை கிடையாது, அதனால் அசைவு வரும். எந்த இடத்தில் எந்த அசைவு என்பதில்தான் உளறும். அவர் அனுப்பிய மாதிரியில் கல்யாணி ராகத்தில் தொடங்கி நாலாவது வரியில் எங்கோ போய்ப் படுத்துவிட்டது. ஆனால் அசைந்தது. மரியாதையாக ஒத்துக்கொள்கிறேன்.

5 ஜனவரி

“கேட்டால் வித்தியாசம் தெரியாதபோது என்ன பிரச்சினை?” என்று சென்னைக்காரர் ஒருவர்.

தெரியாதுதான். 1997-இல் அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. டேவிட் கோப் என்ற இசையமைப்பாளர், தமக்குப் பாட்டு வராமல் முட்டிக்கொண்டு நின்ற காலத்தில், ஒருவருடைய பாணியைப் படித்து அதே பாணியில் எழுதும் மென்பொருள் ஒன்றைச் செய்ய ஆரம்பித்திருந்தார். அன்றைக்கு மூன்று உருப்படி வாசிக்கப்பட்டது: பழைய ஜெர்மன் இசை மேதை பாக் எழுதியது ஒன்று, பாக் பாணியில் மென்பொருள் எழுதியது ஒன்று, அதே பாணியில் ஸ்டீவ் லார்சன் என்ற இசைப் பேராசிரியர் எழுதியது ஒன்று. சபை மென்பொருளுடையதைப் பாக் என்றது. லார்சன் எழுதியதை மெஷின் என்றது.

நான் இதைப் படித்த நாளில் மனசில் நின்றது லார்சனின் முகம்தான். ஒரு கச்சேரியில் நானே மெட்டுப் போட்ட பக்திப் பாட்டு ஒன்றை வாசித்தேன். இறங்கி வந்தபோது விழாக் கமிட்டிக்காரர், “அந்த கேசட்டுப் பாட்டு நல்லா இருந்துச்சு, யாரு படம்?” என்றார். சம்பளம் குறையவில்லை, சோறுதான் இறங்கவில்லை.

கோப் கதைக்கு ஒரு வால் உண்டு. மென்பொருளுக்குத் தீனியாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் பின்னாளில் அவரே அழித்துவிட்டார். இன்னும் ஆயிரம் வரும் என்றால் இருக்கிற ஒன்றை உட்கார்ந்து கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

7 ஜனவரி

தூக்கம் வராமல் யோசித்ததில் என் முதல் குறிப்பே ஆட்டம் காண்கிறது. நகல் என்று சொல்லிவிட்டேன். தாலாட்டு என்ன, நகல் இல்லையா?

செட்டிநாட்டுத் தாலாட்டில் பாதிக்குமேல் ஏற்கெனவே செய்துவைத்த அச்சு. யார் அடித்து நீ அழுதாய் என்று ஒரு கேள்வி. மாமன் மல்லிகைச் செண்டால் அடிப்பார், அத்தை அரளிச் செண்டால் அடிப்பாள். கப்பல் ஏறிப் போன ஐயா ரங்கூனில் இருந்து கொண்டுவரும் சாமான் பட்டியல் ஒன்று. பிறகு இன்னார் மகனோ, இன்னார் பேரனோ என்று வம்சாவளி. ஊர் மாறும், கோயில் மாறும், பேர் மாறும். அச்சு மாறாது. ஆத்தங்குடித் தரைக்கல் மாதிரி: கண்ணாடிமேல் பித்தளை அச்சை வைத்து அதே கட்டத்தில் கலர் ஊற்றுகிறார்கள், கை மட்டும் வேறு வேறு. ஆச்சிமார் ஒருவரும் இசையமைப்பாளர் என்று சொல்லிக்கொண்டது கிடையாது. முந்திய வரியைக் கேட்டு அடுத்த வரியைப் போட்டார்கள். மதுரைத் தங்கச்சி சொன்ன ஊகத்துக்கும் இதற்கும் என்ன தூரம்?

இன்னும் மேலே போகலாம். 72 மேளகர்த்தா, அதாவது தாய் ராகங்கள், வந்ததே கணக்கில்தான். ரி-க சேர்க்கை ஆறு, த-நி சேர்க்கை ஆறு, மத்திமம் இரண்டு. 6 × 6 × 2. வேங்கடமகி பதினேழாம் நூற்றாண்டில் கட்டத்தைப் போட்டபோது அதில் பல வீடுகளில் ஆளே குடியிருக்கவில்லை. கட்டம் முதலில், பாட்டு பிறகு.

ஆக, நகல், கணக்கு என்று சொல்லி மெஷினை விரட்ட முடியாது. வேறு காரணம் தேட வேண்டும். இல்லாவிட்டால் வாயை மூட வேண்டும்.

7 ஜனவரி, சற்றுப் பிறகு

வாயை மூடு என்று மூன்று பேர் சொல்லியாயிற்று. நன்றி.

9 ஜனவரி

காரணம் தேடி என் பெட்டியையே திறந்தேன். எங்கள் ஆத்தா, அதாவது என்னைப் பெற்ற அம்மா, என் மகனைத் தொட்டிலில் போட்டுப் பாடியது, 1989. மலேசியாவில் இருந்து வந்த டேப் ரிக்கார்டரில் அப்பச்சி, அதாவது அப்பா, பதிந்தது. பதினோரு நிமிஷம். முப்பத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேர் கேசட்டை ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். இதை ஏற்றவே இல்லை.

ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து ஓடவிட்டால் குரல் கீச்சென்று இருக்கிறது. அறுபது வயசுக் குரல் இல்லை. காரணம் தெரிந்ததுதான்: பதியும்போது பேட்டரி இறங்கியிருந்தால் நாடா மெதுவாக ஓடும். பிறகு சரியான வேகத்தில் போட்டால் குரல் மேலே ஏறும். கரண்ட்டில் பதிந்திருந்தால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அடியில் கேட்கும், அதை வைத்து வேகத்தைச் சரி பண்ணலாம். பேட்டரியில் பதிந்ததில் அதுவும் கிடையாது. முழித்துக்கொண்டு இருந்தபோது பின்னால் ‘டக் டக்’ கேட்டது. பட்டாலைச் சுவர்க்கடிகாரம், வீட்டுக் கூடத்தில் இருப்பது. அது இன்னும் அங்கேயேதான் ஓடுகிறது. போய் நின்று எண்ணினேன். இன்று அறுபது டக் அடிக்கும் நேரத்தில் கேசட்டில் அறுபத்து நாலு. ஒரு ஸ்வரஸ்தானத்துக்கு, அதாவது கீபோர்டில் ஒரு கட்டைக்கு, கொஞ்சம் கூடவே ஏறியிருக்கிறது. அத்தனையும் இறக்கினேன். ஆத்தா வந்துவிட்டார்கள்.

இனித்தான் விஷயம். கடிகாரத்தோடு இன்னொரு சத்தம்: தொட்டில் சங்கிலி கொக்கியில் உரசும் ‘கிறீச்’. நான் அதை எடுத்துவிடப் பார்த்தேன், தொழில் புத்தி. எடுத்ததும் பாட்டு நொண்டியது. ஆத்தா ஒவ்வொரு வரியையும் அந்தக் கிறீச்சில்தான் எடுக்கிறார்கள். சங்கிலி எட்டடி. எட்டடித் தொட்டில் போய்வர மூன்று விநாடிக்குச் சற்று மேல், வீச்சு குறைந்தாலும் நேரம் மாறாது. பள்ளிக்கூடத்தில் படித்த ஊசல்தான். உத்தரம் எவ்வளவு உயரமோ அதுதான் அந்தத் தாலாட்டின் காலப்பிரமாணம். வேறு வீட்டில் பாடியிருந்தால் வேறு காலம்.

ஆறாவது நிமிஷத்தில், “ஏய், பால் பொங்குது பாரு!” என்று ஒரு அதட்டல். உடனே அடுத்த கிறீச்சில் விட்ட இடத்தைப் பிடிக்கிறார்கள். சுருதி கொஞ்சம் ஏறிவிட்டது. காலம் ஏறவில்லை.

10 ஜனவரி

ஒரு சிரிப்புச் செய்தி. செயலியில் எழுத்தில் மட்டும் கேட்டுப் பார்த்தேன்: “செட்டிநாட்டுத் தாலாட்டு, பெண் குரல்.” முதல் ஒரு நிமிஷம் பதமாக இருந்தது. அடுத்து டிரம்ஸ். குழந்தை எழுந்து ஆடும். பழனியைப் பளனி என்றது. தேனும் நிலவும் தென்றலும் எட்டு வரிக்குள் மூன்று தரம். ரங்கூனைக் காணோம்.

தமிழ்ப் பாட்டுக்கு மேடை வேண்டும் என்று நம் ஊர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் இறங்கி, 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்க வேண்டி வந்தது. மெஷினுக்கும் ஒரு தமிழிசை இயக்கம் வேண்டும் போலிருக்கிறது. யாராவது காசுக்கார ஐயா இருந்தால் சொல்லுங்கள், உண்டியலை நான் தூக்குகிறேன்.

12 ஜனவரி

கேள்வி கேட்ட தம்பி விடுவதாக இல்லை. “யார் பாட்டு என்று சொல்லவில்லையே?”

சட்டம் கேட்கிறீர்களா, நியாயம் கேட்கிறீர்களா? சட்டம் சுலபம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள்: கம்ப்யூட்டர் உருவாக்கிய படைப்புக்கு, அது உருவாகக் காரணமானவரே ஆசிரியர். அந்தக் கணக்கில் பொத்தானை அழுத்திய நீங்கள் ஆசிரியர் என்று வாதாடலாம். சட்டம் பிறந்தது 1957, இலியாக் பாட்டு முடிந்த அதே வருஷம். சும்மா சொன்னேன். பயிற்சிக்குப் பாட்டை எடுத்துக்கொள்ளும் கம்பெனிகளுக்குக் கட்டாய உரிமம் கொடுத்து, பதிலுக்கு ராயல்டி வாங்கலாம் என்று மத்திய அரசின் குழு ஒன்று போன மாதம் யோசனை சொல்லியிருக்கிறது. தாலாட்டுக்கு ராயல்டி வந்தால் எந்த ஆச்சி வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம்?

குரல் வேறு சமாச்சாரம். 2024-இல் ‘லால் சலாம்’ படத்துக்காக மறைந்த பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏ.ஆர்.ரஹ்மான் ஏஐ வழியாகக் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே வருஷம் ‘கோட்’ படத்தில் மறைந்த பவதாரிணியின் குரலை அவர் தம்பி யுவன் சங்கர் ராஜா பயன்படுத்தினார். அவர்கள் பாடுவதையே தொழிலாக வைத்திருந்தவர்கள். ஆத்தா யாருக்காகவும் பாடவில்லை, பிள்ளை தூங்கத்தான் பாடினார்கள். அனுமதியை யாரிடம் போய்க் கேட்பது? மகன் என்று என்னிடமா?

12 ஜனவரி, இரவு 11.40

மகன் என்று என்னிடமா என்று எழுதிவிட்டு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். மறைக்க வேண்டாம். நேற்றே செய்துவிட்டேன்.

18 ஜனவரி

பொங்கலுக்கு வீடு நிறைய ஆள், அதனால் எழுதவில்லை. நீங்கள் திட்டி எழுதியதையெல்லாம் படித்தேன். “ஊருக்கு உபதேசம்” என்ற திட்டை அப்படியே வாங்கிக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். என் மகன் மெல்போர்னில். அவனுக்குப் போன மாதம் பையன் பிறந்திருக்கிறான். ஆத்தா குரலைச் செயலியில் ஏற்றி, அவர்கள் பாடிய மெட்டிலேயே இந்தப் பிள்ளைக்காக ஒரு கண்ணி பாட வைக்க நினைத்தேன். வரிகளை நானே எழுதினேன். அச்சு இருக்கிறதே: இன்னார் பேரனோ, இன்னார் மகனோ. பேரன் என்ற இடத்தில் என் பேர், மகன் என்ற இடத்தில் என் மகன் பேர். நாற்பது நிமிஷ வேலை.

வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த மூக்கு, அந்த ‘ர’கரம், எல்லாம். நான் கதவைச் சாத்திக்கொண்டு ஏழு தடவை கேட்டேன். அழவில்லை என்று எழுதினால் பொய்.

பொங்கல் அன்று சாயங்காலம் வளவில், உள்முற்றத்தைச் சுற்றி, எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது போட்டேன். எங்கள் அத்தை, அப்பச்சியின் தங்கை, எண்பத்தெட்டு வயசு, தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்தது. எல்லாரும் கண்ணைத் துடைக்கிறார்கள். அத்தை மட்டும் என்னையே பார்க்கிறார்கள்.

“ஏண்டா, உங்க ஆத்தா எப்படா எங்கண்ணன் பேரச் சொன்னா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம்மில் மூத்த பேரனுக்கு அப்பச்சியைப் பெற்ற ஐயா பேர்தான். என் மகன் பேர் எங்கள் அப்பச்சி பேர். அதாவது ஆத்தாவின் வீட்டுக்காரர் பேர். (இங்கும் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை.)

அத்தை விடவில்லை. “அம்பத்தெட்டு வருசம் ஒரே வீட்டுல இருந்தா. ரேசன் கார்டுக்கு ஆள் வந்து வீட்டுக்காரர் பேரு என்னன்னா, உள்ள இருந்த என்னயக் கூப்பிட்டுல்ல சொல்லச் சொன்னா. பேரன அந்தப் பேரச் சொல்லி ஒரு நாள் கூப்பிட்டிருப்பாளா? ராசா, ஐயா, பெரியவுகளே, அம்புட்டுத்தான்.”

வளவு அமைதியாகிவிட்டது. பிறகு அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். அழுகிறார்கள் என்று என் வீட்டு ஆச்சி தண்ணீர் கொண்டு ஓடினாள். சிரிப்பு.

19 ஜனவரி

அப்படியானால் 1989-இல் அதே இடத்தில் ஆத்தா என்ன பாடினார்கள்? அவர்களுக்கும் இன்னார் என்று சொல்லித்தானே ஆக வேண்டும்? ராத்திரி அசல் கேசட்டை மறுபடி போட்டேன். எட்டாவது நிமிஷம்:

பேரேடு பார்ப்பவுக
பேரெடுத்து வந்தவனோ

எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், சும்மா எதுகை என்று போய்விட்டேன். அப்பச்சி பட்டாலையில் கணக்குப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு பேரேடு பார்த்தபடிதான் எந்நேரமும் இருப்பார். இதைப் பதிந்த நேரத்திலும் பத்தடி தள்ளி அங்கேதான் இருந்திருப்பார். அவர் பேரை வாயால் சொல்லக்கூடாது. அவர் பேரைக் கொண்டவனைத்தான் பாடுகிறார்கள். பேரேடு, பேரெடு. பேரைச் சொல்லாமலே பேரை வைத்து விளையாடி, அவர் காதில் விழும்படியும் பாடியிருக்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் தெரிந்த பெண்பிள்ளை.

எனக்குச் சொல்லக்கூடாத பேர் எதுவும் இல்லை. அதனால் அச்சில் கிடந்த ஓட்டையில் பேரைச் செருகிவிட்டு எழுந்துவிட்டேன். இந்த விஷயத்தில் மெஷின்மேல் தப்பே கிடையாது. வரி என்னுடையது.

22 ஜனவரி

மேலே உள்ளதைப் படித்துவிட்டு, “அப்போ மெஷினுக்குச் சொல்லக்கூடாது என்ற விலக்கு எதுவும் இல்லை, அதான் வித்தியாசம்” என்று சென்னைக்காரர் தீர்ப்பு எழுதிவிட்டார். எனக்கும் நேற்று வரை அது பிடித்திருந்தது. ராகம் என்பதிலும் பாதி, எந்த ஸ்வரத்தைத் தொடக்கூடாது என்பதுதானே.

ஆனால் நாலாம் தேதி நானே எழுதியதைப் பாருங்கள். இலியாக் பாட்டு பெரும்பாலும் ‘கூடாது’களால் ஆனது. கோலி பொறுக்குவது என்று கிண்டல் அடித்தேன். அந்தப் பழைய மெஷினுக்கு ஆத்தாவைப் போலவே சொல்லக்கூடாத பட்டியல் இருந்தது. இன்றைய மெஷின்தான் எது அதிகம் நடக்குமோ அதன் பின்னால் போகிறது.

இன்னொன்று. பள்ளத்தூர் டீச்சர் ஒருவர் விடாமல் சோதித்திருக்கிறார். எழுத்தில் பேசும் ஏஐயிடம் சேதியைச் சொல்லி, “தாத்தா பேரைச் சொல்லாமல் அவரைக் குறித்து ஒரு தாலாட்டுக் கண்ணி” என்று கேட்டிருக்கிறார். நாலு கொடுத்ததாம். மூன்று சுமார். நாலாவதை அவர் அனுப்பினார். நன்றாகவே இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான், முடியவில்லை.

ஆனால் சேதியைச் சொல்ல ஒரு டீச்சர் தேவைப்பட்டார். எனக்குச் சேதியே மறந்திருந்தது. என் பேத்தி தலைமுறைக்கு இப்படி ஒரு விலக்கு இருந்ததே தெரியாது. அந்த விலக்கு நல்லதா என்று ஒரு பெண் கேட்டிருக்கிறார். நல்லது என்று நான் எங்கே சொன்னேன்? அத்தை ஏன் சிரித்தார்கள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

22 ஜனவரி, பின்குறிப்பு

காரைக்குடி சகோதரர்களை ஏன் சொல்லவில்லை என்று ஒரு வீணைப் பிரியர். ஒரே வீட்டுச் சாதகம், ஒரே பாணி. அண்ணன் சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார், தம்பி சாம்பசிவய்யர் எல்லாரையும் போலப் படுக்க வைத்து. பாடத்தில் இல்லாததுதான் பாணியா என்று கேட்கிறார். பதில் தெரியவில்லை. கேள்வி நன்றாக இருப்பதால் இங்கே போட்டு வைக்கிறேன்.

26 ஜனவரி

ஒரு தொழில் தப்பு கண்டுபிடித்தேன். செயலியில் நான் ஏற்றியது வேகம் சரிசெய்த கோப்பு இல்லை. முதலில் எடுத்த கீச்சுக் குரல் கோப்பு, பேர் மாறிக் கிடந்தது. ஆகப் பொங்கலன்று பாடியது அறுபது வயசு ஆத்தா இல்லை.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். “அதான் பாத்தேன். அவ கல்யாணமாகி வந்தப்ப இருந்த குரலு அது,” என்றார்கள். கொஞ்சம் கழித்து, “அந்தப் பேர் சொல்ற எடத்த மட்டும் திரும்பப் போடு,” என்றார்கள். போட்டேன். இன்னொரு தடவை கேட்டார்கள்.

2 பிப்ரவரி

மகனுக்கு இரண்டையும் அனுப்பியிருந்தேன். தூங்க வைக்க அசலைத்தான் போடுகிறார்களாம். “பால் பொங்குது பாரு” வரும்போது மட்டும் பயல் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்கிறானாம்.

சிங்கப்பூர்த் தம்பிக்கு: கூரியரில் அனுப்பாதீர்கள். யாராவது ஊருக்கு வரும்போது கையோடு கொடுத்துவிடுங்கள். அறுந்த நாடாவை நீங்களே செலோடேப் போட்டு ஒட்ட வேண்டாம், பசை இளகி ஹெட்டில் அப்பிக்கொள்ளும். நாடாவை அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டும் விழுந்திருக்கும், நான் வேறு வைக்கிறேன். அப்பத்தா எந்த வீட்டில், வீட்டின் எந்தப் பகுதியில் உட்கார்ந்து பாடினார்கள், சுவர்க்கடிகாரம் இருந்ததா, இருந்தால் இன்னும் ஓடுகிறதா, இதை மட்டும் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். மீதியை வந்த பிறகு பேசுவோம்.